ஐ.சி.யூ-வில் கழுத்தில் இருக்கும் அந்தக் குழாய்... குடும்பத்தினர் தினமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி!

"நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்தார். திடீர்னு குளிர் ஜுரம், பி.பி இறங்கிடுச்சு. ரத்தத்துல இன்ஃபெக்‌ஷன்னு சொல்றாங்க..."

ஐ.சி.யூ வாசலில் வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளில் இரண்டு நாள் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதாக இருக்காது. மாரடைப்புக்காகவோ, விபத்துக்காகவோ, பெரிய அறுவை சிகிச்சைக்காகவோ சேர்க்கப்பட்டவர் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுகிறார். ஆனால், மருத்துவமனைக்கு வரும்போது அவரிடம் இல்லாத ஒரு தொற்று பத்தாவது நாள் வந்து நிற்கிறது. "எங்கிருந்து வந்தது?" என்று குடும்பம் குழம்புகிறது.

பல நேரங்களில் பதில் நோயாளியின் கழுத்திலேயே இருக்கும். மருந்து ஏற்றுவதற்காகப் போட்ட 'சென்ட்ரல் லைன்' என்ற மெல்லிய குழாய்தான் அது. உயிரைக் காப்பாற்றப் போட்ட குழாயே கிருமிக்கும் வழியாகிவிடுகிறது. இந்தத் தொற்றில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 20 வருடங்களுக்கு முன்பே நிரூபணமாகிவிட்டது. அதற்கு விலை உயர்ந்த மெஷின் எதுவும் தேவைப்படவில்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி என்பது தெருமுனை விஷயம். வெளியூர்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து இந்தப் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களும் ஏராளம். அவர்கள் எல்லோருமே தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

கையில் போடும் ஊசி போதாதா?

காய்ச்சலுக்கு அட்மிட் ஆனால் புறங்கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டுவார்களே, அதை நாம் 'வென்ஃப்ளான்' என்கிறோம். அது கையில் இருக்கும் சிறிய ரத்தக்குழாயோடு நின்றுவிடும். சில நாள்களுக்கு அது போதும்.

ஐ.சி.யூ-வில் அது போதாது. ரத்த அழுத்தம் விழுந்தவருக்குத் தரும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகள் வீரியமானவை. கையின் சின்ன நரம்பில் தொடர்ந்து ஏற்றினால் அந்த நரம்பும் சுற்றியுள்ள சதையும் புண்ணாகிவிடும். அதனால் கழுத்து, தோள்பட்டை எலும்புக்குக் கீழே, அல்லது தொடை இடுக்கு வழியாக ஒரு நீளமான குழாயைச் செலுத்துகிறார்கள். கழுத்திலும் தோளிலும் போட்டால் அதன் நுனி இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தில் போய் நிற்கும். அங்கே ரத்த ஓட்டம் வேகமாக இருப்பதால் மருந்து உடனே நீர்த்துக் கலந்துவிடும். அவசர டயாலிசிஸுக்கும், வாய்வழியே சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தத்தில் சத்து ஏற்றவும் இதே வழிதான்.

இதயம் வரை ஒரு குழாயைக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற ஜெர்மன் டாக்டர். 1929-ல் தன் கை நரம்பில் தானே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய், குழாயின் நுனி இதயத்தில் நிற்பதைப் படம் எடுத்தார். அன்று அவருக்குப் பாராட்டைவிடத் திட்டுதான் அதிகம் கிடைத்தது. 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று சென்ட்ரல் லைன் இல்லாத ஐ.சி.யூ-வைக் கற்பனை செய்ய முடியாது.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "எங்கப்பாவுக்கு அந்தக் குழாயைப் போடாதீங்க" என்று யாரும் டாக்டரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. தேவைப்படும் நேரத்தில் அது உயிர்நாடி. சரியாகப் போடுவதும், சரியாகப் பராமரிப்பதும், தேவை முடிந்ததும் எடுப்பதும்தான் இங்கே விஷயம்.

கிருமிக்கு நான்கு வாசல்கள்

நம் தோல் ஒரு மதில். அதில் ஓட்டை போட்டு, வெளியில் ஒரு முனையும் ரத்தத்தில் ஒரு முனையுமாகக் குழாயைப் பல நாள் விட்டுவைத்தால், கிருமிக்குத் திறந்த கதவு கிடைத்த மாதிரிதான். அது நான்கு வழிகளில் உள்ளே வரும்.

முதல் வழி, தோல். குழாய் நுழையும் இடத்தில் தோல் மேல் வழக்கமாக வாழும் கிருமிகள், குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். குழாய் போட்ட முதல் சில நாள்களில் வரும் தொற்றுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது வழி, சிரிஞ்சை மாட்டும் வாய். ஒரு நாளைக்குப் பல முறை அதைத் திறந்து மருந்து போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதைத் தொடும் கையும், மாட்டும் சிரிஞ்சும் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி குழாயின் உட்பக்கம் போகும். நாள் ஆக ஆக இந்த வழியின் பங்கு கூடும்.

மூன்றாவது வழி, ஏற்றப்படும் மருந்தோ டிரிப்ஸோ அசுத்தமாகியிருப்பது. நான்காவது வழி, உடம்பில் வேறோர் இடத்தில் இருக்கும் தொற்று ரத்தம் வழியாக வந்து குழாயில் ஒட்டிக்கொள்வது.

ஒட்டிக்கொண்ட கிருமி சும்மா இருக்காது. பல நாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும். அதே மாதிரி ஒரு படலத்தைக் குழாயின் சுவரில் கிருமிகள் கட்டிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டாது. அதனால்தான் தொற்று வந்துவிட்டால் பெரும்பாலும் மருந்து மட்டும் போதாமல், குழாயையே எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் எவ்வளவு?

இந்தத் தொற்றை '1,000 லைன் நாள்களுக்கு எத்தனை' என்று கணக்கிடுகிறார்கள். 100 நோயாளிகளுக்கு ஆளுக்கு 10 நாள் சென்ட்ரல் லைன் இருந்தால், அது 1,000 லைன் நாள்கள்.

ஏழு இந்திய நகரங்களின் ஐ.சி.யூ-க்களில் 10,000-க்கும் அதிகமான நோயாளிகளைக் கண்காணித்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த எண் 7.92. அதாவது 100 பேருக்கு 10 நாள் லைன் இருந்தால், கிட்டத்தட்ட எட்டுப் பேருக்குத் தொற்று.

அதன்பிறகு டெல்லி எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பல மருத்துவமனைகளை இணைத்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பை உருவாக்கின. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 89 ஐ.சி.யூ-க்களிலிருந்து வந்த தகவல்கள் 2022-ல் வெளியாயின. அதில் கவலை தரும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பச்சிளம் குழந்தைகளின் ஐ.சி.யூ-வில்தான் இந்தத் தொற்று மிக அதிகம். 1,000 லைன் நாள்களுக்கு 20-க்கும் மேல். இரண்டு, ரத்தத் தொற்றில் அதிகம் காணப்பட்ட கிளெப்சியெல்லா என்ற கிருமியில் 72 சதவிகிதம், கார்பபெனெம் வகை ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படவில்லை.

கார்பபெனெம் என்பது வேறு மருந்துகள் தோற்ற பிறகு கையில் எடுக்கும் ஆயுதம். அதுவும் வேலை செய்யாதபோது டாக்டரிடம் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மருந்துகள்தான். அவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை, சில விலை அதிகமானவை. "ஒரு நாளைக்கு ஆன்டிபயாடிக்குக்கே இவ்வளவு பில்லா?" என்று குடும்பங்கள் திகைத்து நிற்பது இந்தக் கட்டத்தில்தான்.

தரமணி ஆய்வும் சென்னைப் பிரகடனமும்

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அடையாறை ஒட்டியிருக்கும் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை ஒன்று, 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியானது. கார்பபெனெம் மருந்தை உடைத்துப் போடும் என்.டி.எம்-1 என்ற நொதியைக் கொண்ட கிருமிகள் சென்னை மாதிரிகளில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அந்த ஆய்வு கணக்குச் சொன்னது.

அந்த நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் பெரிய சர்ச்சை வெடித்தது. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. பெயர்ச் சண்டையில், கிருமியைப் பற்றிய பேச்சு கொஞ்ச நாள் பின்னால் போய்விட்டது.

இரண்டு வருடங்கள் கழித்து, 2012 ஆகஸ்ட் 24 அன்று, பல மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடினார்கள். சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அந்தக் கூட்டத்தின் முடிவு, 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரில் உலக அளவில் பேசப்பட்டது. ஆன்டிபயாடிக்குகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், ஒவ்வொரு மருத்துவமனையிலும் தொற்றுத் தடுப்புக் குழு இயங்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான கோரிக்கைகளில் சில. வீரியமான ஆன்டிபயாடிக்குகள் உட்பட 46 மருந்துகளை விற்றால் வாங்கியவரின் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற 'ஹெச்-1' விதி, 2014 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது.

புது மருந்து வரும் வேகத்தைவிடக் கிருமி பழகிக்கொள்ளும் வேகம் அதிகம். எனவே, தொற்று வந்த பிறகு போராடுவதைவிட, வராமல் தடுப்பதுதான் லாபம். அது முடியுமா?

ஐந்து வரிகளில் ஒரு புரட்சி

முடியும் என்று காட்டியது ஒரு துண்டுச் சீட்டு.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001 பிப்ரவரியில் ஜோஸி கிங் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனது. சுடுநீரில் காயம்பட்டு வந்து, சிகிச்சையில் தேறி, வீட்டுக்குப் போகும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த குழந்தை அது. மருத்துவமனையில் அடுத்தடுத்து நடந்த தவறுகள்தான் உயிரைப் பறித்தன. நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டது. ஜோஸியின் அம்மா சாரல் கிங், நஷ்டஈடாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை, அதே மருத்துவமனையில் நோயாளிகளின் பாதுகாப்புக்கான வேலைகளுக்கே கொடுத்தார்.

அதே மருத்துவமனையில் ஐ.சி.யூ நிபுணராக இருந்த பீட்டர் புரோனோவோஸ்ட், சென்ட்ரல் லைன் தொற்றைக் கையில் எடுத்தார். டாக்டர்களுக்குத் தெரியாத எதையும் அவர் புதிதாகச் சொல்லவில்லை. ஐந்தே ஐந்து விஷயங்களைப் பட்டியலாக எழுதினார்.

1. குழாய் போடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. நோயாளியின் தோலை குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைக்க வேண்டும்.

3. டாக்டர் தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், கையுறை அணிய வேண்டும். நோயாளியின் உடல் முழுவதையும் ஸ்டெரைல் துணியால் மூட வேண்டும்.

4. முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்க்க வேண்டும். மலம், சிறுநீர் படும் இடத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது.

5. தேவையில்லாத குழாயை உடனே எடுத்துவிட வேண்டும்.

'இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், நர்ஸ்களை ஒரு மாதம் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விட்டுப்போனது தெரியவந்தது. விஷயம் தெரிந்திருந்தும் அவசரத்திலும் அலுப்பிலும் ஒரு படி நழுவிவிடுகிறது.

அடுத்து அவர் செய்ததுதான் நிஜமான மாற்றம். டாக்டர் ஏதாவது ஒரு படியைத் தவறவிட்டால், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார். நிர்வாகம் நர்ஸின் பின்னால் நின்றது. தேவையான பொருள்கள் அனைத்தையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். 10 நாள் லைன் இருந்தவர்களில் 11 சதவிகிதம் பேருக்கு வந்த தொற்று, ஒரு வருடத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பிறகு இதே பட்டியல் மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் அதிகமான ஐ.சி.யூ-க்களுக்குப் போனது. 2006 டிசம்பரில் வெளியான முடிவின்படி, 1,000 லைன் நாள்களுக்கு சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4 ஆகக் குறைந்தது. இந்திய வம்சாவளி அமெரிக்க டாக்டரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு, 'செக்லிஸ்ட்' என்ற சொல் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் புழங்க ஆரம்பித்தது.

'அது அமெரிக்கா, இங்கே சாத்தியமா?' என்ற கேள்வி வரும். எட்டு இந்திய நகரங்களின் ஐ.சி.யூ-க்களில், கை சுத்தம், பயிற்சி, தொடர் கண்காணிப்பு, செய்ததைத் திரும்ப ஊழியர்களிடமே காட்டுவது என்று செயல்பட்டபோது, 6.4 ஆக இருந்த எண் 3.9 ஆகக் குறைந்தது. இந்த முடிவு 2013-ல் வெளியானது. பூஜ்யம் இல்லைதான். ஆனால், புது மருந்தோ புது மெஷினோ இல்லாமல் கிடைத்த குறைவு இது.

போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம்

குழாய் போடுவது அரை மணி நேர வேலை. அதைப் பல நாள் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அது நர்ஸ்களின் கையில் இருக்கிறது.

குழாயின் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற ஒட்டுப்படலத்தை அதிகபட்சம் ஏழு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பஞ்சுத்துணி வைத்துக் கட்டியிருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை. இது அதிகபட்சக் கணக்கு. வியர்வையில் ஓரம் பிரிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஈரமானாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மருந்து போடும்போதும் குழாயின் வாயை ஆல்கஹாலோ குளோர்ஹெக்சிடினோ கொண்டு அழுத்தித் தேய்த்துத் துடைத்து, உலர விட்டு, பிறகுதான் சிரிஞ்சை மாட்ட வேண்டும். ஒப்புக்கு ஒரு தடவை தடவினால் போதாது.

நம் ஊரில் பார்த்துப் பழகிய சில பழக்கங்கள் இங்கே ஆபத்தாகின்றன.

குளுக்கோஸ் பாட்டிலின் மேல்பக்கம் ஓர் ஊசியைக் குத்தி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்று போனால்தான் திரவம் தடையில்லாமல் இறங்கும் என்பதற்காகச் செய்வது. ஆனால், அந்த ஊசி வழியாகக் காற்றோடு கிருமியும் போகும். திரவம் இறங்க இறங்கத் தானாகச் சுருங்கும் பைகளுக்கு இந்த ஊசி தேவையில்லை. அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளில் காற்று புகும் பாட்டிலிலிருந்து மூடிய பைகளுக்கு மாறியபோது, சென்ட்ரல் லைன் தொற்று பெருமளவு குறைந்தது ஆய்வில் தெரிந்தது.

இன்னொன்று, எவர்சில்வர் டப்பாவில் ஊறவைத்த ஸ்பிரிட் பஞ்சு. பல கைகள் போய் வரும் அந்த டப்பாவே கிருமியின் இருப்பிடமாகலாம் என்பதால், பஞ்சை முன்கூட்டியே ஊறவைத்துச் சேமிக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியபடியே விட்டுவைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கு எடுப்பதும் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

இதையெல்லாம் நர்ஸ்களின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் விதிமுறை. ஒரே நர்ஸ் மூன்று, நான்கு படுக்கைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தால், எந்தப் பட்டியலையும் முழுதாகப் பின்பற்ற முடியாது. ஆள் குறையும்போது தொற்று கூடுகிறது என்பது உலகம் முழுவதும் தெரிந்த உண்மை. ஐ.சி.யூ-வின் தரத்தைப் பளபளப்பான தரையை வைத்து எடை போடாதீர்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை படுக்கைக்கு எத்தனை நர்ஸ் என்று பாருங்கள்.

பூஜ்யம் என்று சொன்னால் நம்பலாமா?

தேசிய மருத்துவமனைத் தர அங்கீகார வாரியத்தின் சான்று பெற்ற மருத்துவமனைகள், சென்ட்ரல் லைன் தொற்று எவ்வளவு என்று மாதாமாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் சுத்தத்தையும் தொற்றுத் தடுப்பையும் மதிப்பிட்டு விருது தரும் 'காயகல்ப்' திட்டம் 2015-லிருந்து நடக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் தேசிய அளவிலான தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலையும் வெளியிட்டது.

ஆனால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தொற்றை உறுதிசெய்ய ரத்தத்தை 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதையும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே எடுக்க வேண்டும். குழாயிலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று என இரண்டு இடங்களில் எடுத்து ஒப்பிட வேண்டும். கல்ச்சரே அனுப்பாத இடத்தில் தொற்று கணக்கில் வராது. அங்கே பூஜ்யம் என்பது தேடாததன் விளைவாகவும் இருக்கலாம். "எங்களுக்கு இவ்வளவு வந்தது, இப்படிக் குறைத்தோம்" என்று எண்ணைச் சொல்லும் மருத்துவமனைதான் அதிக நம்பிக்கைக்கு உரியது.

குழாயோடு வீட்டுக்கு வருபவர்கள்

இந்த ஆபத்து ஐ.சி.யூ-வோடு முடிவதில்லை. புற்றுநோய் சிகிச்சைக்காக அடையாறு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நோயாளிகளில் சிலருக்கு, மேல்கையில் 'பிக் லைன்' என்ற நீண்ட குழாய் இருக்கும். சிலருக்கு மார்பில் தோலுக்கு அடியில் 'கீமோ போர்ட்' இருக்கும். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குக் கழுத்தில் குழாய் இருக்கும். இவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

* குளிக்கும்போது குழாய் இருக்கும் இடம் நனையக் கூடாது. பிளாஸ்டிக் உறை சுற்றி, மற்ற இடங்களில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கோயில் குளம், கடல் குளியல் எதுவும் வேண்டாம்.

* சென்னை வெயிலில் வியர்த்து ஒட்டுப்படலம் பிரிந்தால், மேலே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

* டயாலிசிஸ் குழாயை டயாலிசிஸ் ஊழியர்கள் மட்டுமே தொட வேண்டும். வேறு ரத்தப் பரிசோதனைக்கு அதிலிருந்து ரத்தம் எடுக்க அனுமதிக்காதீர்கள்.

* நீண்ட நாள் டயாலிசிஸ் தேவை என்றால், கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் 'ஃபிஸ்டுலா' பற்றி முன்கூட்டியே சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். கழுத்துக் குழாயைவிட அதில் தொற்று அபாயம் குறைவு.

* கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிரிப்ஸ் அல்லது டயாலிசிஸ் தொடங்கியதும் நடுக்கத்தோடு குளிர் வந்தால், குழாயில் தொற்று இருக்கலாம் என்பதற்கான முக்கிய அறிகுறி அது.

சாதாரண வென்ஃப்ளானையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "நாளைக்கும் ஊசி இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று கையில் வென்ஃப்ளானோடு வீட்டுக்கு வருவது பலருக்கும் பழக்கம். சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே எடுத்துவிட வேண்டும். கையில் போடும் இந்தச் சிறிய ஊசியால் வரும் தொற்றைத் தடுப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2024-ல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதேபோல, "உடம்பு சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்கும் டிரிப்ஸ். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு, இளநீரும் கஞ்சியும் மோரும் தராத தெம்பை அந்தப் பாட்டில் தந்துவிடாது. தேவையில்லாமல் தோலில் போடும் ஒவ்வோர் ஓட்டையும் ஒரு வாசல்தான்.

ஐ.சி.யூ-வுக்கு வெளியே நிற்கும் நாம் என்ன செய்யலாம்?

பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன.

கையைச் சுத்தம் செய்யுங்கள். படுக்கையருகில் இருக்கும் ஹேண்ட்ரப் நமக்கும் சேர்த்துத்தான். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை.

குழாயையும் அதன் ஒட்டுப்படலத்தையும் தொடாதீர்கள். போர்வையைச் சரிசெய்கிறேன் என்று இழுத்துவிடாதீர்கள். படலத்தின் ஓரம் பிரிந்திருந்தாலோ, ரத்தமோ ஈரமோ தெரிந்தாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். அதைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விபூதி, குங்குமம், தீர்த்தம். கபாலீஸ்வரர் கோயில் விபூதியையோ பாபா கோயில் உதியையோ நெற்றியில் இட்டால்தான் நமக்கு மனசு ஆறும். அதில் தவறில்லை. ஆனால், கழுத்தில் குழாய் இருப்பவருக்கு நெற்றியில் அள்ளிப் பூசினால் அது எங்கே உதிரும் என்று யோசியுங்கள். நர்ஸிடம் கேட்டு, கையைச் சுத்தம் செய்த பிறகு, விரல்நுனியில் துளி எடுத்து மெல்ல இடுங்கள். பொட்டலத்தைத் தலையணைக்குக் கீழே வைக்க வேண்டாம். தீர்த்தத்தைத் தெளிக்கவே வேண்டாம்.

கும்பலாகப் போகாதீர்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் அன்றைக்கு உள்ளே போக வேண்டாம்.

ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் டாக்டர் வந்து நிலைமையைச் சொல்லும்போது, நாம் வழக்கமாக "இன்னிக்கு எப்படி இருக்கார்?" என்று கேட்கிறோம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "டாக்டர், அந்தக் கழுத்து லைன் இன்னிக்கும் தேவைப்படுதா? எப்போ எடுக்கலாம்?"

சண்டைக்குக் கேட்பது போல வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள். கேள்வி சின்னதுதான். ஆனால், புரோனோவோஸ்டின் பட்டியலில் ஐந்தாவதாக இருந்ததும் இதுதான். பி.பி மருந்து நிறுத்தி இரண்டு நாளாகியிருக்கும், நோயாளி வாயால் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருப்பார், ஆனாலும், 'இருக்கட்டுமே, அவசரத்துக்கு ஆகும்' என்று குழாய் அப்படியே இருக்கும். ஒவ்வொரு நாள் கூடும்போதும் தொற்றுக்கான வாய்ப்பும் சேர்ந்துகொண்டே போகும். பல ஐ.சி.யூ-க்களில் காலை ரவுண்ட்ஸின்போதே டாக்டர்கள் தங்களுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். குடும்பமும் கேட்டால், பரபரப்பான ஒரு நாளிலும் அது மறந்துபோகாது.

"இன்னும் தேவைப்படுது" என்று காரணத்தோடு பதில் வந்தால், நிம்மதியாக இருங்கள். "இன்னிக்கே எடுத்துடலாம்" என்று பதில் வந்தால், அன்றிலிருந்து ஒரு வாசல் மூடிவிட்டது.